சீனாக்காரன் பட்டும் தேவிகாபுரத்துத் தறியும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்து படிங்க. பாதியில ஆணி புடுங்கப் போறவங்க போயிட்டு வந்தும் படிக்கலாம், நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன் :-)

போன பொங்கலுக்கு தேவிகாபுரம் போயிருந்தேன். அம்மா பொறந்த ஊரு. தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், போளூர்லேருந்து சேத்துப்பட்டு போற வழியில இருக்கு. கனககிரி மலை, அடிவாரத்துல பெரியநாயகி அம்மன் கோயில், அதுக்கப்புறம் தறி. 'ஆரணிப் பட்டு'ன்னு கடையில மடிச்சு வெச்சிருக்கிற சேலையில கணிசமானது ஆரணி டவுனுக்குள்ள நெய்யறது கிடையாது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முனுகப்பட்டு, அத்திமலைப்பட்டுன்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல நெய்யறது. காஞ்சிப் பட்டோட ஒப்பிட்டா பொதுவா லேசா இருக்கும். முகூர்த்தச் சேலை காஞ்சிபுரத்துல எடுத்துட்டு, மத்த சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆரணியில எடுக்கிற குடும்பங்கள் நிறைய.

சின்ன வயசுல முழுப்பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனா தறிச் சத்தத்துலதான் தூங்கி எழுந்திருப்போம். நாலு தறி ஓடிச்சு அப்ப. குழியில காலை விட்டுக்கிட்டு மாமா நெய்வார், அத்தை பக்கத்துல உக்காந்து தார் சுத்துவாங்க, எங்களுக்கு பாவு ஓடறப்ப நூல் பிடிக்கிற வேலை. இப்ப ஒரு தறிதான். மத்த மூணு குழியையும் மண்ணு கொட்டி மூடி மேல டைல்ஸ் போட்டாச்சு. அதுல ஒண்ணு மேலதான் ஃப்ரிட்ஜ் நிக்குது.

போகிக்கு பரணைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ ஒரு பழைய சாக்கு வந்து விழுந்துச்சு. மாமா சொந்தமா நூல் வாங்கி நெய்துக்கிட்டு இருந்த காலத்துது. உள்ளே ஒரு அட்டை, முழுக்க சீன எழுத்து.

"மாப்ளே, உன் போனைக் காட்டினா இன்னா எழுதியிருக்குன்னு சொல்லுமாமே, பாரேன்" என்றார்.

காட்டினேன். கச்சாப் பட்டு, வெள்ளை, 3ஏ தரம், அதுக்குக் கீழே ஊர் பேரு: குவாங்சி.

"அது எங்க இருக்கு?"

"சீனாவுக்குத் தெற்கே மாமா, வியட்நாம் பக்கம்."

"இத்தினி வருசம் அவன் நூலை நெய்திருக்கேன், ஊர் பேர் இப்பத்தான் தெரியுது" என்று சிரிச்சுட்டு அட்டையை மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்.

அந்த குவாங்சிதான் என்னை ஒரு மாசம் படிக்க வெச்சுது.

உலகமயமாக்கல், நாடுகளோட பொருளாதார பலம் மாறுது, அமெரிக்கா போய் சீனா வருது, அடுத்து நாமதான்... இதெல்லாம் நாமளும் பதிவு பதிவா எழுதியாச்சு, அடிச்சுக்கவும் செய்தாச்சு. எல்லாருக்கும் கைகொடுக்கிறது அங்கஸ் மாடிசனோட கணக்கு. 1700ல உலக மொத்த உற்பத்தியில இந்தியாவின் பங்கு சுமார் 24 சதவீதம், சீனாவின் பங்கு 22. 1950க்கு வந்தா ரெண்டும் அஞ்சு சதவீதத்துக்கும் கீழே. படிச்சதும் ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். ஆனா அந்த 24 சதவீதத்துல தறிக்காரனுக்கு என்ன கிடைச்சுதுன்னு அந்தக் கணக்குல இல்லை. அதனால சதவீதத்தை விட்டுட்டு ஒரே ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டுப் போலாம்னு பார்க்கிறேன்.

பருத்திக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது, அதனால வேகமா முடிச்சுடறேன். 1639ல மெட்ராஸ்ல கம்பெனிக்காரன் வந்து உக்காந்ததே துணிக்காகத்தான். நெசவாளிகளைக் குடிவைக்கவே காலாடிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டைன்னு பேட்டைகள் உண்டாக்கினான். நம்ம துணி தாங்காமத்தான் 1700லயும் 1721லயும் இங்கிலாந்து சட்டம் போட்டு அச்சடிச்ச காலிகோவைத் தடுத்துச்சு. நூறு வருசம் கழிச்சு மான்செஸ்டர் மில்லு ஓட ஆரம்பிச்சப்போ, இந்தியத் துணிக்கு அங்கே 70, 80 சதவீதம் வரைக்கும் வரி, அவன் துணிக்கு இங்கே ரெண்டரை, மூணரை. சுதந்திர வர்த்தகம்கிறது ஜெயிச்சவன் பேசற பேச்சுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும். இடையில 1751 டிசம்பர்ல ராபர்ட் கிளைவ் நம்ம ஆரணிக்கே வந்து ராஜா சாகிப்போட படையைத் தோற்கடிச்சுட்டுப் போனார். ஆற்காட்டு முற்றுகையைப் பாடத்துல படிச்ச நமக்கு, அதுக்கு அடுத்த சண்டை ஆரணியில நடந்துச்சுன்னு எந்த வாத்தியாரும் சொல்லலை.

பட்டோட கதை வேற மாதிரி. பட்டு நெசவாளியை மான்செஸ்டர் அழிக்கலை. கல்யாணச் சேலையை அவனால மில்லுல நெய்ய முடியலை, அவ்வளவுதான் காரணம். உடம்புக்கு ஒரு கலர், பேட்டுக்கு ஒரு கலர், ரெண்டையும் கோத்து வாங்கற கோர்வைக்கு ஒரு பக்கம் நெசவாளி, இன்னொரு பக்கம் ஒரு பையன் வேணும். முந்திக்கு வேற பாவு பிணைக்கணும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி கேட்கிற டிசைன் வேற. அதனால துணி நம்மகிட்டயே தங்கிருச்சு. ஆனா துணிக்குள்ள போற சரக்கு? அங்கேதான் விஷயம்.

ஜரிகையை எடுத்துக்குங்க. ஜரிகையை கிலோவுல சொல்ற தறிக்காரரை நான் பார்த்ததில்லை, 'மார்க்'குன்னுதான் சொல்வாங்க. ஒரு மார்க் 240 கிராம் சொச்சம். அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். பிரெஞ்சுக்காரங்களோட பழைய எடை அளவுல 'மார்க்'குன்னு ஒண்ணு இருந்துச்சு, 244 கிராமும் கொஞ்சமும். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல நம்ம பக்கம் வந்த நல்ல ஜரிகை பிரான்ஸ்ல லியோன் நகரத்துச் சரக்கு. சரக்கோட எடைக்கல்லும் சேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கிறேன். இது என் யூகம்தான், மொழி தெரிஞ்சவங்க திருத்தலாம். 1931ல அரசாங்கம் தங்க ஜரிகைத் தொழிலுக்குன்னே ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டு, வெளிநாட்டு ஜரிகை மேல வரியை ஏத்துச்சு. சூரத் நிமிர்ந்துச்சு. லியோன் சரக்கு போயிருச்சு, 'மார்க்' மட்டும் தங்கிருச்சு.

தறி மேல உக்காந்திருக்கிற ஜக்கார்டு பெட்டி, ஓட்டை போட்ட அட்டை எல்லாமும் லியோன்தான். 1804 வாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு அங்கே உருவாக்கினது. அதே லியோன்ல 1831லயும் 1834லயும் பட்டு நெசவாளிங்க கலகம் பண்ணினாங்க. 1831ல அவங்க கேட்டது ரொம்பப் பெரிசா ஒண்ணுமில்லை. நெய்யற கூலிக்குக் குறைஞ்சபட்ச விகிதம் ஒண்ணு நிர்ணயம் பண்ணி, அதை முதலாளிங்க மதிக்கணும். பட்டாளம் வந்து அடக்குச்சு. நம்ம பக்கத்துல எந்தக் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையைப் பார்த்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஊரு பேரை மாத்திட்டா அதே துண்டறிக்கையை அச்சடிக்கலாம்.

அந்த லியோனுக்கே ஒரு கெட்ட காலம் வந்துச்சு. 1850கள்ல பிரான்ஸ்ல பட்டுப்புழுவுக்கு பெப்ரின்னு ஒரு நோய். 1853ல சுமார் 26,000 டன் இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865 வாக்கில் 4,000 டன். அரசாங்கம் லூயி பாஸ்டரைப் பிடிச்சுக் கொண்டுபோய் தெற்கே அலேஸ் ஊர்ல உக்கார வெச்சுது. வெறிநாய்க்கடி மருந்துக்கு முன்னாடியே நம்மாளு பட்டுப்பூச்சி டாக்டர். முட்டை போட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்ல பார்த்து, நோய் இருந்தா அந்த முட்டையையே அழிச்சுடறதுங்கிற முறையைக் கொடுத்தார். இன்னிக்கும் நம்ம ஊர் பட்டு வித்தகங்கள்ல அதே சோதனைதான் நடக்குது.

நோயைப் பிடிச்சாச்சு. ஆனா அதுக்குள்ள சந்தை போயிருச்சு. 1859ல யோகஹாமா துறைமுகம் திறந்தாச்சு, 1869ல சூயஸ் கால்வாயும் திறந்தாச்சு. லியோன் தறிக்காரன் தன் நாட்டுக் கூட்டுக்குக் காத்திருக்கலை, ஜப்பான் நூலையும் சீன நூலையும் வாங்க ஆரம்பிச்சுட்டான். தறி ஒரு நாட்டுல, புழு இன்னொரு நாட்டுலன்னு ஆனது அப்பத்தான்.

ஜப்பான்காரன் இதை விட்ட மாதிரி வேற யாரும் விடலை, பிடிச்ச மாதிரியும் வேற யாரும் பிடிக்கலை. 1872ல டோமியோகாவில் அரசாங்கமே நூற்பாலை கட்டுச்சு. அதை நிறுவிக் கொடுத்தவர் பால் புரூனா, பிரெஞ்சுக்காரர்! வாங்கறவனையே கூட்டிட்டு வந்து வித்தை கத்துக்கிட்டாங்க. வேலைக்கு விவசாயி வீட்டுப் பொண்ணுங்க. 1909 வாக்கில் ஏற்றுமதியில சீனாவைத் தாண்டியாச்சு. வாங்கினது பெரும்பாலும் அமெரிக்கா, அங்கேயும் பெரும்பாலும் பொம்பளைங்க காலுறைக்கு. ஜப்பான் வாங்கின மெஷினுக்கும் இரும்புக்கும் கப்பலுக்கும் அந்நியச் செலாவணி புழுவோட வாயிலேருந்து வந்துச்சுன்னு சொன்னா அதுல மிகை அதிகம் இல்லை.

அப்புறம் 1929 சரிவு. அமெரிக்காக்காரி காலுறை வாங்கறதைக் குறைச்சதும் ஜப்பான் கிராமத்துல பட்டினி. வித்துத் தீராத நூலை என்ன பண்றது? இருக்கிற சந்தையில எல்லாம் கொட்டு. நம்ம ஊர்லயும் வந்து கொட்டினாங்க. மைசூர் சமஸ்தானத்துல திப்பு காலத்துல வங்காளத்துலேருந்து புழு கொண்டுவந்து ஆரம்பிச்ச தொழில், 1896ல ஜம்சட்ஜி டாடா ஜப்பான் நிபுணர்களைக் கூட்டிட்டு வந்து பெங்களூர்ல பண்ணை வெச்ச தொழில், இந்த மலிவு நூல் முன்னாடி நிக்க முடியாம தள்ளாடுச்சு. 1930கள்ல வரிவிதிப்பு வாரியம் விசாரிச்சு, 1934ல பாதுகாப்பு வரி வந்துச்சு. வித்தை சொல்லிக் கொடுக்க வந்த ஜப்பான்காரனையே வரி போட்டுத் தடுக்க வேண்டிய நிலைமை.

இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க. வரி போட்டா மைசூர் விவசாயி பொழைப்பான். தறிக்காரனுக்கு நூல் விலை ஏறும். ரெண்டு பேரும் நம்மாளுங்க. இந்த முடிச்சு 1934லயே விழுந்தாச்சு, இன்னிக்கு வரைக்கும் அவிழலை.

ஜப்பான் கதையை முடிச்சுடறேன். 1940ல நைலான் காலுறை அமெரிக்கக் கடைக்கு வந்துச்சு. 1941ல அமெரிக்கா ஜப்பானோட சொத்தை முடக்கினதும் பட்டு வியாபாரம் செத்துது. போருக்கு அப்புறம் ஜப்பான் கார், ரேடியோன்னு போயிருச்சு. மல்பெரி தோட்டத்துல வேலை செய்ய ஆள் இல்லை, பொண்ணுங்க பேக்டரிக்குப் போயாச்சு. 1970கள்ல சீனா உற்பத்தியில ஜப்பானைத் தாண்டுச்சு. டோமியோகா ஆலை 1987ல மூடிட்டாங்க, 2014ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சுது. ஒரு தொழில் சின்னமாகிறப்ப அந்த நாடு பணக்கார நாடாயிருச்சுன்னு அர்த்தம் போல.

இனி நம்ம காலம். 2001 ஏப்ரல்ல இந்தியா இறக்குமதி மேல வெச்சிருந்த அளவுக் கட்டுப்பாடெல்லாம் போச்சு. சீன நூல் மழை மாதிரி வந்துச்சு. அது வெறும் மலிவு நூல் இல்லைங்கிறதையும் சொல்லணும். நம்ம கர்நாடகா நூல் அப்ப பெரும்பாலும் நாட்டுக் கலப்பு ரகப் புழுவோடது, சர்க்காவுல இழுத்தது. ஒரு எடத்துல தடி, ஒரு எடத்துல மெலிசு. ஊடைக்கு ஓகே. பாவுக்குப் போட்டா அறுந்துக்கிட்டே இருக்கும். சீன நூல் வெள்ளைப் புழு நூல், மெஷின்ல இழுத்தது, 2ஏ, 3ஏ, 4ஏன்னு தரம் போட்டு வரும். அறுக்காது. கூலிக்கு நெய்யறவனுக்கு நூல் அறுக்கலைன்னா ஒரு நாள் மிச்சம். சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லையே.

2003ல சீனாவுலேருந்து வர்ற 2ஏ தரமும் அதுக்குக் கீழேயும் உள்ள கச்சாப் பட்டு மேல இந்தியா பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டுச்சு. கிலோவுக்கு 27.97 டாலர்னு ஒரு விலை வெச்சு, அதுக்குக் கீழே வந்தா வித்தியாசத்தை வரியா கட்டணும். நான் அப்ப காலேஜ் முடிச்ச புதுசு. ஏகாதிபத்தியம், சுதேசின்னு நரம்பு புடைக்கப் பேசற வயசு. ஊருக்குப் போனப்ப "பார்த்தியா மாமா, சீனாக்காரனுக்கு ஆப்பு வெச்சாச்சு" என்றேன். மாமா பாவு பிணைச்சுக்கிட்டு இருந்தவர் தலையைக் கூட நிமிர்த்தலை. "ஆப்பு யாருக்குன்னு நூல் கடையில வந்து பாரு" என்றார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அத்தைதான் உள்ளேருந்து காபி கொண்டுவந்து கொடுத்து என்னைக் காப்பாத்தினாங்க.

எனக்கு அது ரொம்ப நாளைக்குப் புரியலை. 2011ல இன்னொரு பக்கம் தெரிஞ்சுது. 2010ல பட்டு விலை கன்னாபின்னான்னு ஏறி நெசவாளி ஊர்கள்ல எல்லாம் புலம்பல். 2011 பட்ஜெட்ல பிரணாப் முகர்ஜி கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்துலேருந்து ஒரே அடியா 5க்குக் குறைச்சார். எங்க ஊர்ல சந்தோஷம். ஆனா ராமநகரம் பட்டுக்கூடு மார்க்கெட்ல விலை சரிஞ்சு விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. டிவியில அதைப் பார்த்தப்போ மாமா சத்தமே போடாம உக்காந்திருந்தார். "அவனும் நம்மளை மாதிரிதானே" என்று மட்டும் சொன்னார். 2013ல வரி மறுபடி 15. அப்புறம் இறங்கி 10. 2021ல திரும்பவும் 15. பஸ்ல ஏறி இறங்கற மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் பட்டாசு, ஒரு பக்கம் மறியல். நடுவுல நூல் வியாபாரிங்க மட்டும் எப்பவும் சமநிலையில இருக்காங்க, அது என்ன மாயமோ.

என் கட்சியை இப்பவே சொல்லிடறேன், பின்னூட்டத்துல கேட்காதீங்க. இறக்குமதி வரி விவசாயியைக் காப்பாத்தணும்னா அது நியாயம்தான். ஆனா அந்தச் சுமையை தறிக்காரன் தலையில மட்டும் ஏத்தறது நியாயம் இல்லை. 'சீனாவா சுதேசியா'ங்கிற கேள்வியே கடைக்காரன், வியாபாரி, அரசாங்கம் மூணு பேரையும் மறைச்சுட்டு ராமநகரத்தையும் ஆரணியையும் மோத விடற கேள்வி. சேலை விலை ஏறினப்ப எல்லாம் கூலி அதே வேகத்துல ஏறியிருந்தா மாமா வீட்டுல மூணு குழி மூடியிருக்காது.

குவாங்சிக்கு வருவோம். சீனாவுல பட்டுன்னா பாரம்பரியமா ஜியாங்சு, செஜியாங் மாகாணங்கள், ஷாங்காய் பக்கம். அங்கே பேக்டரி, அபார்ட்மெண்ட், எக்ஸ்பிரஸ் ரோடு வந்ததும் மல்பெரி போட நிலமும் இல்லை, ஆளும் இல்லை. 2006ல சீன அரசு 'கிழக்கு மல்பெரி மேற்கே போகட்டும்'னு ஒரு திட்டமே போட்டுச்சு. தெற்கேயும் மேற்கேயும் உள்ள ஏழை மாகாணங்களுக்குத் தொழிலை நகர்த்தினாங்க. அதுல முதல் எடம் குவாங்சி. ஜப்பானுக்கு நடந்ததுதான், ஆனா சீனா பெரிய நாடுங்கிறதால தனக்குள்ளேயே ஒரு ஏழை சீனாவைக் கண்டுபிடிச்சுக்கிச்சு. மாமா பரண்ல விழுந்த அட்டை அந்த நகர்வோட ரசீது.

அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்குச்சு. சர்வதேசப் பட்டு ஆணையத்தோட கணக்கைப் பாருங்க. 2015ல சீனாவோட கச்சாப் பட்டு 1,70,000 டன். 2019ல 68,600. 2022ல 50,000 சொச்சம். அதே 2022ல இந்தியா 36,500 டன்னைத் தாண்டியாச்சு. 2010-11ல நாம வெறும் 20,410. நம்ம இறக்குமதி 2009-10ல 7,300 டன் சுமார், 2018-19ல 2,800க்கும் கீழே. ஒரு தலைமுறைக்கு முன்னாடி யாராவது இந்த நம்பரைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம். அந்த ஆணையம் இருக்கே, அது 1948ல பிரான்ஸ்ல, பாஸ்டர் உக்காந்து புழுவைப் பார்த்த அதே அலேஸ் ஊர்ல உருவானது, பிறகு லியோன்ல தலைமையகம். 2013ல அந்தத் தலைமையகமே பெங்களூருக்கு வந்துருச்சு. நாற்காலி எங்கே போகுதுன்னு பார்த்தா அதிகாரம் எங்கே போகுதுன்னு தெரியும்பாங்க.

சரி, நாம ஜெயிச்சுட்டோமா? உள்ளே போய்ப் பார்த்தா அவ்வளவு சுலபமா சொல்ல முடியலை. இந்த வளர்ச்சிக்குக் காரணமான வெள்ளைப் புழு ரகங்களுக்கு விதை போட்டது ஜப்பான் உதவியோட 1991லேருந்து மைசூர்ல நடந்த ஆராய்ச்சி. தன் நாட்டுல தொழில் செத்துக்கிட்டு இருந்தப்போ அந்த வித்தையை ஜப்பான் இங்கே கொடுத்துட்டுப் போச்சு. இன்னிக்கு ஒரு கூட்டுலேருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல இழை வருது. ஓசூர், தர்மபுரி, கோயமுத்தூர் பக்கம் விவசாயிங்க நல்லாவே பண்றாங்க. நூல் இழுக்கிற தானியங்கி மெஷின்? முதல்ல வந்ததெல்லாம் சீனாவுலேருந்துதான் :-) சீனா நூலை நிறுத்தறதுக்கு சீனா மெஷின்.

2021 கடைசியில பட்டு விலை மறுபடி எகிறுச்சு. ராமநகரத்துல கூடு கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டுச்சு, கச்சாப் பட்டு அஞ்சாயிரத்தைத் தாண்டுச்சு. இந்தத் தடவை திட்டறதுக்கு சீனாக்காரனும் கையில இல்லை. விவசாயிக்கு நல்ல காலம், சந்தோஷம். தேவிகாபுரத்துல பாவு கிடைக்காம தறி நின்னுச்சு. நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20ல வந்துச்சு. நாடு முழுக்க கைத்தறித் தொழிலாளிங்க 35.22 லட்சம். பத்து வருசம் முன்னாடி 43.31 லட்சம். பட்டு உற்பத்தி கூடின அதே பத்து வருசம்.

மாமா பையன், எனக்கு மச்சான் முறை, தறியில உக்காரவே இல்லை. செய்யாறு சிப்காட்ல தைவான்காரங்க வெச்சிருக்கிற ஷூ கம்பெனிக்குப் போறான். காலையில இருட்டோட கம்பெனி பஸ் வரும். அந்தப் பஸ்ல நம்ம பக்கத்துப் பொண்ணுங்கதான் அதிகம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, மாசம் பொறந்தா அக்கவுண்ட்ல சம்பளம். டோமியோகாவுக்கு விவசாயி வீட்டுப் பொண்ணுங்க போனதைப் படிச்சப்போ எனக்கு இந்த பஸ்தான் கண்ணுல வந்துச்சு. அவன் செய்யற ஷூ எந்த நாட்டுக்குப் போகுதுன்னு கேட்டேன். "அட்டைப்பெட்டியில ஒட்டறது வேற செக்‌ஷன் மாமா பையா, எனக்கு அடிப்பாகம் மட்டும்தான்" என்றான்.

பழங்கதை பேசி இந்தத் தொழிலைப் புனிதமாக்கவும் எனக்கு ஆசை இல்லை. பதினஞ்சாம் நூற்றாண்டுல, காஞ்சிபுரத்துலயும் விரிஞ்சிபுரத்துலயும் கைக்கோளருக்கு பல்லக்கும் சங்கும் உரிமையா இருக்கு, எங்களுக்கும் வேணும்னு மத்த ஊர் கைக்கோளர்கள் கேட்டு வாங்கினதை விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லுது. துணிக்கு உலகத்துல கிராக்கி இருந்தப்ப நெசவாளிக்குப் பல்லக்கு கேட்கிற தெம்பு இருந்துச்சு. இதே கரையிலேருந்துதான் சீனாவுக்குக் கப்பலும் போச்சு. அங்கே சுவான்சோவில் 1281ஆம் வருசத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கு. நம்ம சமையலறையில சீனச்சட்டியும் சீனியும் இருக்கு. சீனாக்காரன் நமக்குப் புதுசு இல்லை, அவனுக்கும் நாம புதுசு இல்லை. நடுவுல ஒரு இருநூறு வருசம்தான் ரெண்டு பேரும் லண்டன் வழியா, லியோன் வழியா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

கிளம்பற அன்னிக்கு காலையில மாமா தறியில இருந்தார். அரக்குல பச்சை பேட்டு, யாரோ ஒரு முதலாளி கொடுத்த பாவு, மூணு சேலைக்கு. நூலைத் தொட்டுப் பார்த்தேன், சீரா இருந்துச்சு.

"இது எங்க நூல் மாமா?"

"நம்மூர் நூல்தானாம். தர்மபுரின்னு சொன்னாங்கோ. இப்பல்லாம் நல்லா வருது, அறுக்கறதே இல்ல."

"அப்ப பரவாயில்லையே."

"நூல் பரவாயில்ல மாப்ளே." நாடாவை ஒரு தடவை தட்டி விட்டுட்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருந்துச்சு. "நீ கம்ப்யூட்டர்ல பாக்கிறியே, அந்த குவாங்சியில இப்ப தறிக்காரன் இருக்கானா, இல்ல அவனும் போயிட்டானா?"

பார்த்துச் சொல்றேன்னு சொல்லிட்டு போளூர் பஸ் ஏறினேன்.